கேம் ஆஃப் த்ரோன்ஸ் இறுதி சீசனில் மறதியும் நாற்காலியும்: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 2011 ஏப்ரல் 17 தொடங்கி 2019 மே 19 வரை எட்டு சீசன்கள், 73 எபிசோடுகள் ஓடிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் கடைசி சீசன் தன் பாத்திரங்களுக்குத் துரோகம் செய்ததா? 2019 கோடையில் பலருக்கு இதைவிடப் பெரிய கவலை இருக்கவில்லை. தகுதியுள்ள எழுத்தாளர்களை வைத்து அந்த சீசனை மறுபடி எடுக்கச் சொல்லி இணைய மனு ஒன்றில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். அதே செப்டம்பரில் அதே சீசன், சிறந்த நாடகத் தொடருக்கானது உட்பட 12 எம்மி விருதுகளை அள்ளிக்கொண்டு போனது. மக்கள் ஒரு பக்கமும் விருதுக் குழு மறுபக்கமும் நின்று இழுக்கும்போது, நடுவில் புகுந்து இரு தரப்புக்கும் விளங்காத மூன்றாம் கருத்தொன்றைச் சொல்வது ஆய்வாளர் கடமை.

இதுவரை இப்பொருள் பற்றி எழுதியோர் கோபத்துக்கு எழுதினார்கள், அல்லது சம்பளத்துக்கு எழுதினார்கள். முறையான ஆய்வு இல்லாத அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதனால் சமூகத்துக்கு விளையும் பயன் யாது எனின், பயன் கேட்பது ஆய்வு மரபன்று என்க.

2. எல்லையும் மூலங்களும்

முதன்மைச் சான்று, இறுதி சீசனின் ஆறு எபிசோடுகள். முந்தைய 67 எபிசோடுகள் தேவைப்படும் இடத்தில் மட்டும் எட்டிப் பார்க்கப்படும். தொடரை எழுதியவர்களும் அவ்வாறே செய்தார்கள் என்பது பின்னர் நிறுவப்படும்.

துணைமைச் சான்று, ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதிய நாவல் வரிசை. இதன் ஐந்தாம் நூல் 2011ல் வந்தது. ஆறாம் நூல் இன்னும் வரவில்லை. ஆகவே கதையின் முடிவைப் பொறுத்தவரை மூலம் பிறப்பதற்கு முன்பே உரை பிறந்துவிட்டது. நம் உரையாசிரியர்கள் யாருக்கும் கிடைக்காத வசதி இது.

இந்தியாவில் இந்த சீசன் ஹாட்ஸ்டாரில் திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு வெளியானது. எனவே இங்கே திரட்டப்பட்ட கருத்துகள் யாவும் பல் துலக்காத கருத்துகள் என்பதை மனத்தில் கொள்க.

மூன்றாம் எபிசோடு பற்றித் தனியே ஒரு சொல். வின்டர்ஃபெல் கோட்டையில் செத்தவர் படையோடு நடக்கும் அந்தப் போரை 55 இரவுகள் படமாக்கினார்கள். இரவு நன்றாகத் தெரிந்தது; போர்தான் தெரியவில்லை. மக்களுக்குத் தங்கள் டி.வி.யைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாததும் இதற்கு ஒரு காரணம் என்றார் ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர். ஆகவே அந்த எபிசோடு இவ்வாய்வில் காட்சியளவையாகக் கொள்ளப்படாமல், பிறர் சொல்லக் கேட்ட உரையளவையாகவே கொள்ளப்படும்.

3. முன்னாய்வுகள்

முதற்சாரார் துரோகவாதிகள். அடிமைகளின் விலங்குடைத்த டெனெரிஸ், கிங்ஸ் லேண்டிங் நகரம் சரணடைந்து மணியடித்த பிறகும் டிராகன் மேலேறி ஊரைக் கொளுத்தியது பாத்திரக் கொலை என்பர்.

இரண்டாம் சாரார் குறிப்புவாதிகள். அதெல்லாம் தொடக்கத்திலிருந்தே இருந்தது என்பர். சூனியக்காரியை உயிரோடு எரித்தது சீசன் 1. மீரீன் நகரத்து எசமானர்கள் 163 பேரைக் கம்பத்தில் அறைந்தது சீசன் 4. மண்டியிட மறுத்த டார்லி தந்தையையும் மகனையும் பொசுக்கியது சீசன் 7. சான்றுகள் உண்மை. ஆனால் இம்முறையில் எந்த முடிவையும் நிறுவிவிடலாம். டெனெரிஸ் கடைசியில் பள்ளி ஆசிரியை ஆகியிருந்தாலும், முதல் சீசனிலேயே டோத்ராக்கி மொழியை ஆர்வத்தோடு கற்றாரே, அப்போதே தெரியவில்லையா என்று கேட்டிருப்பார்கள். பழம்பாட்டு ஒன்றில் இரும்பு வந்தாலே ரயில் பாதை கண்டுவிடும் அறிஞர்களை வளர்த்த நாம் இவர்களைப் பார்த்துச் சிரிப்பது முறையன்று.

மூன்றாம் சாரார் அவசரவாதிகள். முதல் ஆறு சீசன்களுக்குத் தலா 10 எபிசோடுகள், ஏழாவதுக்கு 7, எட்டாவதுக்கு 6. இன்னும் நீட்ட எச்.பி.ஓ. தயாராக இருந்தும் தொடரை நடத்திய டேவிட் பெனியாஃப், டி.பி. வைஸ் இருவரும் போதும் என்றனர். அதுதான் கேடு என்பர். இவர்கள் கூற்று சரியானது, எளிதில் விளங்குவது. ஆதலால் ஆய்வுலகில் செல்லாது.

மூன்று சாராரையும் ஒருங்கே மறுத்தவர் ஒருவரே (தகவலாளி: மேல்வீட்டு அண்ணன், சேகரித்த இடம்: மொட்டை மாடி). எட்டு சீசன் பார்த்த நேரத்தில் டேலி படித்திருக்கலாம் என்பது அவர் கொள்கை.

4. பாத்திர வகைப்பாடு

4.1 ஆர்யா: செத்தவர் படையின் தலைவன் நைட் கிங்கைக் குத்தினார், கப்பலேறினார்.

4.2 சான்சா: வடக்குக்கு அரசியானார். குறையொன்றுமில்லை.

4.3 அரசி செர்சி: ஜன்னலோரம் மதுக்கோப்பையோடு நின்றார். கூரை விழுந்தது.

4.4 கோஸ்ட் என்னும் ஓநாய்: நான்காம் எபிசோடில் ஜான் அதைத் தடவிக்கொடுக்காமல் பிரிந்தார், ஆறாம் எபிசோடில் தடவிக்கொடுத்தார். இந்த சீசனில் மக்களின் கோரிக்கை நிறைவேறிய ஒரே இடம்.

4.5 வேரிஸ்: ஏழு சீசன் காதோடு காதாகப் பேசியே உயிர் பிழைத்தவர். எட்டாவதில் கடற்கரையில் ஜானிடம் ராஜதுரோகத்தை நேரடியாகப் பேசினார். அன்றிரவே எரிந்தார்.

4.6 ஜான் ஸ்னோ: அவர் உண்மையில் ஏகான் டார்கேரியன், அரியணைக்கு உரியவர் என்ற பிறப்பு ரகசியத்தைத் தொடர் ஆண்டுக்கணக்கில் அடைகாத்தது. கடைசியில் அரசரைத் தேர்ந்தெடுக்கச் சபை கூடியபோது, ரகசியம் தெரிந்தவர்கள் பாதிப் பேர் அங்கேயே உட்கார்ந்திருந்தும் யாரும் வாய் திறக்கவில்லை.

4.7 ஜேமி லானிஸ்டர்: இவருக்கு ஒரு வரி போதாது. டெனெரிஸின் தந்தையான பைத்தியக்கார அரசன் ஊரையே கொளுத்தவிருந்தபோது, காவல் காக்கச் சத்தியம் செய்த தானே அவனைக் குத்திக் கொன்றதை, சீசன் 3ல் குளியல் தொட்டியில் ஆவி பறக்க உட்கார்ந்து வாள்வீராங்கனை பிரியனிடம் சொல்கிறார். ஊர் பிழைத்தது, இவருக்குக் கிடைத்த பட்டம் அரசனைக் கொன்றவன். எட்டாம் சீசன் இரண்டாம் எபிசோடில் அதே பிரியனை மண்டியிடச் செய்து, பெண்களுக்கு வழக்கமில்லாத வீரப்பட்டத்தைத் தன் வாளாலேயே சூட்டுகிறார். நான்காம் எபிசோடில் அவரை அழவிட்டுச் செர்சியிடம் போகக் குதிரையேறுகிறார். ஐந்தாம் எபிசோடில், ஊர் மக்களைப் பற்றித் தான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை என்று தம்பியிடம் சொல்கிறார். எந்த ஊர்? தன் பெயர் கெட்டாலும் கெடட்டும் என்று காப்பாற்றிய அதே ஊர்.

ஆறாம் எபிசோடில் பிரியன், வீரர்களின் வரலாற்றுப் பதிவேட்டில் ஜேமிக்குரிய பக்கத்தை நிரப்பி, தன் அரசியைக் காக்கும்போது மாண்டார் என்று முடித்து, மை காய்வதற்குள் ஏட்டை மூடிவிடுகிறார். உணர்ச்சி மிகுந்த இடம் என்பதால் மன்னிக்கலாம். ஆவணக் காப்பகத்தார் மன்னிக்க மாட்டார்கள்.

5. மறதியியல்: ஓர் அறிமுகம்

மேற்கண்டவற்றைத் துரோகம் என்ற தலைப்பில் அடக்குவது அறியாமை. துரோகி தான் யாருக்கு என்ன செய்கிறோம் என்று அறிந்து செய்வான். இங்கே அறிந்து செய்ததற்கு ஆதாரம் இல்லை. மறந்து செய்ததற்கு ஆதாரம் நிரம்ப உண்டு. அதனைப் பின்வருமாறு பகுக்கலாம்.

படைமறதி. நான்காம் எபிசோடில் டிராகன்ஸ்டோன் தீவை நெருங்கும் டெனெரிஸின் டிராகன் ரேகலை, பாறைக்குப் பின்னால் காத்திருந்த எதிரி யூரானின் கப்பற்படை ராட்சத அம்புகளால் வீழ்த்துகிறது. வானத்தில் பறப்பவருக்குக் கடலில் நிற்கும் கப்பல்கள் தெரியாமல் போனது எப்படி? இதற்கு நூலாசிரியர் விளக்கமே உண்டு. டெனெரிஸ் அந்தக் கப்பற்படையைக் கொஞ்சம் மறந்துவிட்டார் என்று அந்த எபிசோடு பற்றிய பின்னணிப் படத்தில் பெனியாஃப் சொன்னார். அதே கப்பற்படை முந்தைய சீசனில்தான் அவருடைய கப்பல்களை அழித்திருந்தது. மறதியியல் முழுவதும் இவ்விளக்கத்தின் மீதே எழுப்பப்பட்டது. இத்துறையின் தந்தை பெனியாஃப் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

குறிமறதி. நான்காம் எபிசோடில் ஆடும் கப்பலிலிருந்து, பறக்கும் டிராகனை அடுத்தடுத்துத் துளைத்த அந்த அம்புப் பொறிகள், ஐந்தாம் எபிசோடில் கோட்டை மதிலெங்கும் வரிசையாக நின்றும் ஒன்றுகூட டெனெரிஸின் இன்னொரு டிராகனான டிரோகனைத் தொடவில்லை.

பிணமறதி. மூன்றாம் எபிசோடில் டெனெரிஸின் டோத்ராக்கிக் குதிரைப்படை எரியும் வாள்களோடு இருளுக்குள் பாய்கிறது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. (நமக்குத் தெளிவாகத் தெரிந்தது இது ஒன்றே.) ஆறாம் எபிசோடில் வெற்றி முழக்கம் இடுவதற்கு டோத்ராக்கிகள் திரளாக நிற்கிறார்கள். அவர்கள் செத்ததை யாரோ அவர்களுக்குச் சொல்ல மறந்திருக்கிறார்கள்.

பார்வையாளர் மறதி. இதுவே நுட்பமானது, துரோகவாதிகள் தொடாமல் விட்டது. அந்த 163 பேரைக் கம்பத்தில் அறைந்தபோது நாம் கைதட்டினோம். அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்குக் கலீசி என்று டெனெரிஸின் பட்டத்தையே பெயராக வைத்தார்கள். ஊர் எரிந்த மறுநாள், இவள் இப்படிப்பட்டவள் அல்லவே என்றார்கள். இதையெல்லாம் ஆறாம் எபிசோடில் ஜேமியின் தம்பி டிரியன் சிறையில் உட்கார்ந்தபடி ஜானுக்கு வரிசையாக எடுத்துச் சொல்கிறார்: கெட்டவர்களை அவள் கொன்றபோதெல்லாம் நாம் கொண்டாடினோம் என்கிறார். நூலாசிரியரே தன் நூலுக்கு உரையும் எழுதி, அதைப் பாத்திரத்தின் வாயில் வைத்து, தேர்வுக்கு முக்கியமான வினா என்று அடிக்கோடும் இட்டுவிட்டார். காட்சியால் காட்ட வேண்டியதைச் சிறைக்குள் உட்காரவைத்துப் பாடம் நடத்தினால் அது நாடகம் ஆகாது. கோனார் உரை ஆகும்.

6. இடைச்செருகல்

நான்காம் எபிசோட்டின் விருந்துக் காட்சியில் டெனெரிஸ் முன்னால் மேசைமேல் ஒரு நவீனக் காபிக் கோப்பை மூடியோடு இருக்கிறது. படப்பிடிப்பில் யாரோ எடுக்க மறந்தது. பாட வேறுபாடும் உண்டு: அது தவறுதான், டெனெரிஸ் கேட்டிருந்தது மூலிகைத் தேநீர் என்று எச்.பி.ஓ. நகைச்சுவையாக அறிக்கை விட்டது. அதன் பிறகு கணினியில் கோப்பையை அழித்துவிட்டது.

பதிப்பியல் நோக்கில் இது பெருங்குற்றம். முதற்பதிப்பில் இருந்ததை அடிக்குறிப்புகூட இல்லாமல் நீக்குவதா? நாளை வரும் ஆய்வாளர், இந்தக் கோப்பையைப் பற்றி உலகமே ஏன் பேசியது என்று தேடும்போது வெறும் மேசையைத்தான் காண்பார். எழுத்தில் நேர்ந்த பிழைகளை விட்டுவிட்டு மேசையில் நேர்ந்த பிழையை மட்டும் திருத்தியது, திருத்த எளிதானதையே திருத்தும் உலகளாவிய பதிப்பாசிரியர் மரபைச் சேர்ந்தது.

7. நாற்காலியியல்

7.1 கருதுகோள். இத்தொடரின் தலைமைப் பாத்திரம் டெனெரிஸ் அல்லர், ஜான் அல்லர், நாற்காலி. தொடரின் பெயரிலேயே இருப்பது அதுதான். எனவே துரோகம் பற்றிய விசாரணை அங்கிருந்தே தொடங்க வேண்டும். இதுவரை யாரும் தொடங்காதது வியப்புக்குரியது (மேல்வீட்டு அண்ணன் வியக்கவில்லை; காண்க: மொட்டை மாடி உரையாடல், தண்ணீர்த் தொட்டிக்கு வடபுறம், மின்தடை நேரம்).

7.2 எண்ணிக்கை. இரும்பு அரியணை, தோற்ற பகைவரின் ஆயிரம் வாள்களை உருக்கிச் செய்தது என்பது ஐதிகம். சீசன் 3, எபிசோடு 6ல் சூழ்ச்சிக்காரர் லிட்டில்ஃபிங்கர் இதை மறுக்கிறார்: ஆயிரம் இல்லை, இருநூறுகூடத் தேறாது, தானே எண்ணிப் பார்த்ததாகச் சொல்கிறார். மற்றவர்கள் அந்த நாற்காலிக்காக உயிரை விட்டுக்கொண்டிருக்கையில் பக்கத்தில் நின்று அதை எண்ணிக்கொண்டிருந்த இவரே கதை நிகழும் வெஸ்டெரோஸின் முதல் ஆய்வாளர். சீசன் 7ல் இவர் கழுத்து அறுபட்டது. எண்ணியதற்காக அன்று; எனினும் ஆய்வு மாணவர்கள் கவனத்தில் கொள்க.

ஆறாம் எபிசோடில் டெனெரிஸ் அரியணை முன் நின்று, ஆயிரம் வாள் என்று தன் அண்ணன் சொன்னபோது, இருபதுவரை எண்ணத் தெரியாத சிறுமியாகத் தான் கற்பனை செய்ததை நினைவுகூர்கிறார். கவனிக்க: இங்கே மறதி இல்லை. வாள் எண்ணிக்கைச் சிக்கல் ஐந்து சீசன் கழித்தும் நினைவில் இருக்கிறது.

7.3 உட்காராமை. சீசன் 2 முடிவில் மாயக் கோபுரத்தில் இதே அரியணையை டெனெரிஸ் கனவுபோல் காண்கிறார். கை நீட்டி, தொடுமுன் விலகுகிறார். சீசன் 8ல் கைப்பிடியைத் தொடுகிறார். உட்காருமுன் ஜானின் கத்தி இறங்குகிறது. ஆறு சீசன் இடைவெளியில் ஒரு கையளவு முன்னேற்றம். இதிலும் தொடர்ச்சி பிசகவில்லை.

7.4 எரிதல். தாயைக் கொன்றவன் கண்ணெதிரே நிற்கிறான்; டிரோகனோ அவனை விட்டுவிட்டு நாற்காலியை உருக்குகிறது. இது குறியீடு என்பர் ஒரு சாரார். விலங்கின் சீற்றம் குறி தவறியது என்பர் ஒரு சாரார். கதை புரிந்தது அந்த டிராகன் ஒன்றுக்குத்தான் என்பது மூன்றாம் கருத்து (தகவலாளி: இஸ்திரி வண்டிக்காரர், வயது: சொல்ல மறுத்தார், சூழல்: என் சட்டையின் காலரைத் தேய்த்தபடி, உடனிருந்தோர்: மேல்வீட்டு அண்ணன், அவர் கருத்து இங்கே தேவையில்லை). காலர் கருகியது தனிச் செய்தி.

7.5 டிரியனின் இருக்கை வாழ்க்கை. இந்த ஆய்வின் உச்சம் இது. பொறுமையோடு படிக்க.

முதல் நிலை: சீசன் 1, எபிசோடு 4. கால் விளங்காத சிறுவன் பிரானுக்குக் குதிரையேற டிரியன் ஒரு சேணம் வரைந்து கொடுக்கிறார். சேணமும் நாற்காலியே, கால்கள் மட்டும் குதிரையினுடையவை.

இரண்டாம் நிலை: சீசன் 3, எபிசோடு 3. தந்தை டைவின் மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஆலோசகர்கள் முண்டியடித்து ஒரு பக்க நாற்காலிகளைப் பிடிக்கிறார்கள். செர்சி ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து தந்தையின் வலப்பக்கம் போட்டுக்கொள்கிறார். டிரியன் ஒரு நாற்காலியைத் தரையில் கிறீச்சிட இழுத்து, நீளமேசையின் மறுகோடிக்குக் கொண்டுபோய், தந்தைக்கு நேர் எதிரே போட்டு உட்காருகிறார். யாரும் பேசுவதில்லை. யார் யாருக்கு அடங்கியவர், யார் யாரோடு போட்டி, எல்லாம் அந்த இழுப்பில் இருக்கிறது. இத்தொடரை உலகம் ஏன் நேசித்தது என்று கேட்பவருக்கு அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினால் போதும்.

மூன்றாம் நிலை: சீசன் 8, எபிசோடு 4. வெற்றி விருந்தில் பிரானின் சக்கர நாற்காலியை டிரியன் பாராட்டுகிறார். தான் வரைந்த சேணத்தைவிட நன்று என்கிறார். 120 ஆண்டுகளுக்கு முன் டேரான் டார்கேரியன் தன் மருமகனுக்குச் செய்து கொடுத்த அமைப்பு அது என்று பிரான் வரலாறும் சொல்கிறார். அதாவது மேற்கோள் காட்டுகிறார். ஊரே குடித்துக் கூத்தாடும் விருந்தில் மேற்கோள் காட்டும் பிரான், பிற்காலத்தில் அரசனாவதற்கு முன்னறிகுறி இதுவே என்பது என் துணிபு. (குறிப்புவாதிகள் மன்னிக்க.)

நான்காம் நிலை: சீசன் 8, எபிசோடு 6. பிரானைக் காட்டிலும் நல்ல கதை யாருக்கு உண்டு என்று கேட்டு டிரியன் அவரை அரசராக்குகிறார். அந்த நல்ல கதைக்குரியவர் ஐந்தாம் சீசன் முழுவதும் தொடரில் தலைகாட்டவே இல்லை என்பதைச் சபையில் யாரும் எழுப்பவில்லை. தனக்காகப் பேச எழுந்த ஒரே ஆள் எட்மியூர் டல்லி. தன் தகுதிகளை எடுத்துரைக்கத் தொடங்கிய மாமாவை, மருமகள் சான்சா தயவுசெய்து உட்காரச் சொல்லிவிடுகிறார். உட்காருகையில் இடுப்பு வாள் எதிலோ இடிக்கிறது. சொந்த நாற்காலியோடு வந்த பிரான் வெல்கிறார். (அதே சபையில் ஜானின் நண்பர் சாம்வெல் டார்லியின் காலடியில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் தெரிகிறது. இது நாற்காலியின் கீழ் வருவது. எனவே இத்துறைக்குள் அடங்கும்.)

பிறகு வருகிறது அந்தக் காட்சி. அரியணை உருகிவிட்டது, லட்சக்கணக்கானோர் செத்தார்கள், புதிய ஆட்சியின் முதல் ஆலோசனைக் கூட்டம். டிரியன் தனியாக நின்று மேசையைச் சுற்றிலும் நாற்காலிகளை நேராக்குகிறார். ஒன்றைச் சற்று உள்ளே தள்ளுகிறார். இன்னொன்றின் கோணத்தைத் திருத்துகிறார். தள்ளி நின்று பார்க்கிறார். மறுபடி வந்து தொடுகிறார். ஆட்கள் வந்தவுடன் எல்லாம் கலைகின்றன. ஒரு நகரம் எரிந்ததற்கு மனக்காரணம் காட்டக் கிடைக்காத நிமிடங்கள் இதற்குத் தாராளமாகக் கிடைத்திருக்கின்றன. மூன்றாம் சீசனில் தனக்கென நாற்காலியை இழுத்தவர் எட்டாம் சீசனில் பிறருக்காக வரிசைப்படுத்துகிறார். குறையற்ற பாத்திர வளர்ச்சி. ஜேமிக்குக் கிட்டாதது, டெனெரிஸுக்குக் கிட்டாதது, நாற்காலி வழியாக டிரியனுக்குக் கிட்டியது.

7.6 பிற்சேர்க்கை. அதே கூட்டத்தில் சாம்வெல் ஒரு பெரிய நூலைக் கொண்டுவந்து வைக்கிறார்: ராபர்ட் அரசர் மறைவுக்குப் பிந்தைய போர்களின் வரலாறு, எழுதியவர் தலைமை அறிஞர் எப்ரோஸ். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று டிரியன் ஆவலோடு கேட்கிறார். அவர் பெயரே அதில் இல்லை. போர்களின் நடுவே நின்றவரை விட்டுவிட்டுப் போர்களின் வரலாறு எழுதும் பேரறிஞர்! இந்த சீசனில் நடைமுறைக்கு முற்றிலும் பொருந்திய காட்சி இது ஒன்றே. (மேலும் காண்க: நம் ஊர்க் கருத்தரங்க மலர்கள், எந்த ஆண்டானாலும், எந்தப் பக்கமானாலும், கட்டுரையாளரின் நெறியாளர் பெயர் மட்டும் எப்பக்கத்திலும் விடுபட்டிராது.)

8. கடாவும் விடையும்

அற்றேல், இத்தனை பேர் ஒரே காலத்தில் மறந்தது எங்ஙனம் எனின், கூறுதும்.

இரண்டாம் எபிசோடில், நைட் கிங் எதற்காக வருகிறான் என்று போர் ஆலோசனையில் கேள்வி எழுகிறது. இந்த உலகை அழித்துத் துடைப்பதே அவன் நோக்கம், அதன் நினைவு நானே என்கிறார் பிரான். மறத்தலும் மறக்கப்படுதலும்தான் மரணம் என்று சாம்வெல் அதற்குப் பொருள் சொல்கிறார். மூன்றாம் எபிசோடில் ஆர்யாவின் கத்தி பட்டு நைட் கிங் நொறுங்கியதாகச் சொல்லப்படுகிறது (உரையளவை).

இப்போது காலவரிசையைப் பாருங்கள். முதல் இரண்டு எபிசோடுகளில் ஒருவரும் எதையும் மறக்கவில்லை. தன் தந்தையைக் கொன்றவன் ஜேமி என்பதை டெனெரிஸ் சபையில் வைத்துக் கேட்கிறார். ஜன்னலிலிருந்து தன்னைத் தள்ளிவிட்டபோது ஜேமி சொன்னதை பிரான் அவர் முகத்துக்கு நேரே திருப்பிச் சொல்கிறார். ஜேமி தன்னைக் காப்பாற்றியதை பிரியன் எழுந்து நின்று சாட்சி சொல்கிறார். பெரும் மறதிகள் வருவதோ நான்காம் எபிசோடிலிருந்து: கப்பற்படையை மறந்தது, கோப்பையை மறந்தது, பிரியனை மறந்தது, ஐந்தில் ஊர் மக்களை மறந்தது, ஆறில் ஜானின் உரிமையை மறந்தது, டோத்ராக்கிகளின் சாவை மறந்தது.

இதனால் பெறப்படுவது யாதெனின், நைட் கிங் தோற்கவில்லை. உடல்தான் உடைந்தது, அவன் கொள்கை அடுத்த எபிசோடிலேயே ஆட்சிக்கு வந்துவிட்டது.

அற்றேல், உலகின் நினைவாகிய பிரானே அரசரானாரே எனின், ஆனார். முதல் ஆலோசனைக் கூட்டத்துக்கு வந்தார். டிரோகன் எங்கே என்று கேட்டார். தானே தேடிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுக் கூட்டத்திலிருந்து போய்விட்டார். அவர் நாற்காலியும் அவரோடு போயிற்று.

9. முடிவுகள்

ஒன்று. இறுதி சீசன் தன் பாத்திரங்களுக்குத் துரோகம் செய்யவில்லை. துரோகத்துக்கு நினைவாற்றல் வேண்டும்.

இரண்டு. நினைவாற்றல் அடியோடு இல்லாமலும் இல்லை. ஒரு சேணத்தை ஏழு சீசன் நினைவில் வைத்திருந்தார்கள். வாள் எண்ணிக்கையை ஐந்து சீசன் வைத்திருந்தார்கள். நாற்காலியை இவ்வளவு கவனமாக நினைவில் வைத்தவர்களால் அதில் உட்கார வந்தவர்களையும் வைத்திருக்க முடியும். வைக்கவில்லை. டெனெரிஸ் ஊரைக் கொளுத்தியது குற்றமன்று; அந்த நெருப்புவரை அவரோடு நம்மை நடத்திக் கூட்டிப்போகாததே குற்றம். அந்த வழியை நடந்து பார்த்திருந்தால், நாம் கைதட்டிய இடங்களும் நமக்கு நினைவுக்கு வந்திருக்கும்.

மூன்று. மேலாய்வுக்குரிய களங்கள்: எட்மியூரின் வாள் எதில் இடித்தது, பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் இருந்தது, நெறியாளர்கள் முதல் சீசனையாவது எப்போது பார்த்து முடிப்பார்கள்.

இனிமேல் இத்தொடரைப் பார்க்கத் தொடங்குவோர்க்கு ஒரு வேண்டுகோள். எட்டாம் சீசன் இரண்டாம் எபிசோடில், வின்டர்ஃபெல் கணப்புக்கு முன்னால் பிரியன் வீரப்பட்டம் பெற்று எழுகிறார்; டார்மண்ட் எழுந்து கைதட்டுகிறார். அந்த எபிசோடு முடிந்ததும் டி.வி.யை அணைத்துவிடுங்கள். அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் எல்லாம் நினைவிருக்கிறது. உட்கார நாற்காலிகளும் போதுமான அளவு இருக்கின்றன. அடுத்த எபிசோடு எப்படியும் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை.